கலர் வீடியோ போதாது, லேப் ரிப்போர்ட் வேணும்

(கோவை மண்டலத் தகவல் தொழில்நுட்ப அணி உறுப்பினர்களுக்கான பயிற்சிக் கூட்டத்தில் நம் அணித் தன்னார்வலர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். பலர் கேட்டதால் முழுமையாகப் பதிவிடுகிறோம்.)



எனக்குக் குடுத்த தலைப்பு, குடிதண்ணியில ஆலைக்கழிவு கலந்திருக்கான்னு எப்படிப் பரிசோதிக்கிறது. வெளியில டீ குடிக்கும்போது ஒரு அண்ணன் கேட்டாரு, "ஏம்ப்பா, இதுக்கும் ஐடி விங்குக்கும் என்ன சம்பந்தம்?"னு. நியாயமான கேள்விதான். பதில் நம்ம போனுக்குள்ளயே இருக்குங்க.

மழை பெஞ்ச மறுநாள் நம்ம வாட்ஸ்அப் குரூப்புகளைத் திறந்து பாருங்க. நொய்யல்ல வெள்ளை வெளேர்னு நுரை. ஏதோ ஒரு ஓடையில செவசெவன்னு தண்ணி. பின்னாடி ஒருத்தர் ஆவேசமாப் பேசுறாரு. நாம உடனே லோகோ போட்டு, சோக மியூசிக் போட்டு ஏத்திடறோம். ஆயிரக்கணக்குல ஷேர் போகுது. மறுநாள் எதிர்த்தரப்பு ஐடி விங் "இது பழைய வீடியோ"ங்கும். ஆலைத் தரப்பு "எங்க தண்ணியே இல்ல"ம்பாங்க. அதிகாரி "மாதிரி எடுத்து அனுப்பியிருக்கோம்"பாரு. மூணாம் நாள் வேற ட்ரெண்டு வந்துடும். அந்த ஓடைக்குப் பக்கத்துல போர்த்தண்ணி குடிக்கிற குடும்பம் அதே தண்ணியத்தான் குடிச்சிட்டிருக்கும்.

அந்த வீடியோவால எதையும் நிரூபிக்க முடியாதுங்க. நுரை சாயக்கழிவாலயும் வரும், கோவை மாநகரச் சாக்கடையில கலக்கிற வீட்டுச் சோப்புத் தண்ணியாலயும் வரும். கண்ணால பாத்து ரெண்டையும் பிரிக்க முடியாது. அது தெரிஞ்ச எதிராளி ஒரே வரியில நம்மளை மடக்கிடுவான்.

நம்ம மண்ணுலயே இதை ஜெயிச்சுக் காட்டினவங்க இருக்காங்க. நொய்யல் பாசன விவசாயிகள். வெள்ளியங்கிரி மலையில பிறந்து, கோவை, சூலூர், திருப்பூர் தாண்டி, கரூர் மாவட்டத்துல காவிரியில சேர்ற ஆறு நொய்யல். 1992-ல ஒரத்துப்பாளையம் அணை திறந்தாங்க. கரூர்ப் பக்கம் வரைக்கும் பாசனம் நடக்கும்னு கட்டின அணை. சில வருஷத்துலயே அது திருப்பூர் சாயக்கழிவு தேங்கி நிக்கிற குட்டை ஆயிடுச்சு. சுத்துவட்டாரக் கிணறெல்லாம் உப்பு. அணையே எங்களுக்கு வேண்டாம், தண்ணியைத் தேக்காதீங்கன்னு விவசாயியே சொல்ற நிலைமை. உலகத்துல எந்த ஊர் விவசாயியாவது அப்படிச் சொல்வானா?

அவங்க கோர்ட்டுக்குப் போனாங்க. சுற்றுச்சூழல் இழப்பீட்டு ஆணையம், 68 கிராமங்கள்ல 28,596 விவசாயிகளுக்குச் சுமார் 24 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடுன்னு 2004 டிசம்பர்ல உத்தரவு போட்டுச்சு. 2006 டிசம்பர் 22-ல சென்னை உயர் நீதிமன்றம், சாயக்கழிவு ஒரு சொட்டுகூட வெளிய வரக்கூடாதுன்னு தீர்ப்பு சொல்லி, அதுவரைக்கும் வெளியேத்துற ஒவ்வொரு லிட்டருக்கும் பைசாக் கணக்குல அபராதம் போட்டுச்சு. 2009 அக்டோபர் 6-ல உச்ச நீதிமன்றம், கெடுத்தவன்தான் காசு குடுக்கணும்னு சொல்லி அதை உறுதிப்படுத்துச்சு. அப்பவும் அமலாகல. 2011 ஜனவரி 28-ல உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவை ஆலைகளை மூடச் சொல்லிடுச்சு.

இத்தனை வருஷப் போராட்டத்துல அவங்க கையில எத்தனை வைரல் வீடியோ இருந்துச்சு? ஒன்னுகூட இல்ல. கிணத்துத் தண்ணி ரிப்போர்ட் இருந்துச்சு. மண் பரிசோதனை ரிப்போர்ட் இருந்துச்சு. எந்த ஊரு, எந்தக் கிணறு, எந்தத் தேதி, எவ்வளவு உப்புன்னு எண் இருந்துச்சு. கோர்ட்டுல பேசுனது அந்த எண்தான்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிடறேன். 2011-ல ஆலை மூடினப்ப வேலை போனது யாருக்கு? நம்ம ஆளுங்களுக்குத்தான். அப்பா தோட்டத்துல, பையன் சாயப்பட்டறையிலன்னு ஒரே வீட்டுல ரெண்டு பக்கமும் இருக்கிற ஊருங்க இது. அதனால, ஆதாரம் இல்லாம "இந்த ஆலை விஷத்தை விடுது"ன்னு நாம ஒரு போஸ்ட் போட்டு அது தப்பாப் போச்சுன்னா, ஒரு முதலாளிக்கு மட்டும் நஷ்டம்னு நினைக்காதீங்க. அங்க ஷிஃப்டு பாக்கிற நூறு பேர் நம்ம கட்சியத் திட்டுவாங்க. திட்டுறதுல நியாயமும் இருக்கும்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். நான் படிச்சது இன்ஜினியரிங், கெமிஸ்ட்ரி வாத்தியார் இல்ல. இதுக்குத் தேவையான கெமிஸ்ட்ரி பத்தாங்கிளாஸ் அளவுதாங்க.

பனியன் துணிக்குச் சாயம் ஏத்தும்போது, சாயம் பருத்தி நூலைப் பிடிக்கணும்னா தொட்டியில உப்புப் போடணும். சாதா உப்பு, இல்லைன்னா கிளாபர் சால்ட்டுன்னு நம்ம ஊர்ல சொல்ற சோடியம் சல்பேட். கருப்பு, நேவி ப்ளூ மாதிரி அடர் நிறத்துக்கு ஒரு கிலோ துணிக்கு அரைக் கிலோவுக்கு மேலகூட உப்பு பிடிக்கும். அந்த உப்பு துணியோட போகாது, கழிவுத் தண்ணியோடதான் போகும். நிறத்தை எடுக்க எத்தனையோ வழி இருக்கு. கரைஞ்ச உப்பைச் சாதாரணச் சுத்திகரிப்புல எடுக்க முடியாது. அதுக்குத்தான் ஆர்ஓ, அதுக்கப்புறம் மிச்சத் தண்ணியக் காய்ச்சி ஆவியாக்கி உப்பைத் தனியாப் பிரிக்கிற இயந்திரம்னு கோடிக்கணக்குல செலவு பண்ணித் திருப்பூர்ல பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை மாத்தினாங்க. இதுல நமக்கு வேண்டிய விஷயம் ஒன்னு. செவப்பாத் தண்ணி வந்தா ஊரே பாக்கும். நிறத்தை எடுத்துட்டு உப்போட விட்டா? கண்ணாடி மாதிரி இருக்கும், ஒருத்தரும் வீடியோ எடுக்க மாட்டாங்க. கிணறு செத்துப்போயிடும்.

உப்பைக் கண்டுபிடிக்க டிடிஎஸ் மீட்டர் இருக்கு. இப்ப நம்ம பசங்க நிறையப் பேர் பாக்கெட்டுல ஒன்னு வச்சிருக்கீங்க. நல்லது. ஆனா அது என்ன அளக்குதுன்னு தெரிஞ்சு வச்சுக்கணும். தண்ணியில மின்சாரம் எவ்வளவு ஓடுதுன்னு பாத்து, அதை ஒரு எண்ணால பெருக்கி, மொத்தமா இவ்வளவு கரைஞ்சிருக்குன்னு உத்தேசமாச் சொல்லுது. அவ்வளவுதான். கரைஞ்சது சுண்ணாம்பா, சாப்பாட்டு உப்பா, சாய உப்பான்னு அதுக்குத் தெரியாது. ஐஎஸ் 10500-ங்கிற இந்தியக் குடிநீர்த் தரப்படி ஒரு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரைக்கும் நல்லது, வேற வழியே இல்லாத இடத்துல 2,000 வரைக்கும் பொறுத்துக்கலாம். நம்ம பாறை பூமியில ஆலையே இல்லாத ஊர்லயும் ஆயிரம் அடி போர்ல டிடிஎஸ் ஆயிரத்துக்கு மேல காட்டும். அதைப் படம் எடுத்து "ஆலைக் கழிவு பாரீர்"னு போட்டா, படிச்சவன் சிரிப்பான்.

இதுக்கு நேர்மாறா இன்னொரு ஆபத்து இருக்கு. கோவையில எலக்ட்ரோபிளேட்டிங் பட்டறைகள் இருக்கு. அங்க குரோமியம், நிக்கல், சில இடத்துல சயனைடு பயன்படும். குடிதண்ணியில மொத்தக் குரோமியம் ஒரு லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. மொட்டை மாடியில இருக்கிற ஆயிரம் லிட்டர் டேங்க்கை நினைச்சுக்கோங்க. அந்த மொத்தத் தண்ணிக்கும் 50 மில்லிகிராம்தான் எல்லை, ஒரு சிட்டிகை உப்பைவிடக் கம்மி. இதுபோல பத்து மடங்கு கலந்திருந்தாலும் டிடிஎஸ் மீட்டர்ல ஒன்னோ ரெண்டோதான் கூடும். காத்தாலைக்கும் மத்தியானத்துக்கும் சும்மாவே மாறுற வித்தியாசம் அது. நிறம் மாறாது, ருசி மாறாது, வாசம் வராது. ஈயத்துக்கு எல்லை இன்னும் கம்மி, 0.01. காட்மியம் 0.003. பாதரசம் 0.001. பெயின்ட், மருந்து, சலவை ரசாயனத்துல வர்ற பல கரைப்பான்கள் மின்சாரத்தையே கடத்தாது, அதனால மீட்டருக்கு அது இருக்கிறதே தெரியாது. ஆகமொத்தம் டிடிஎஸ் 300-ன்னு காட்டினா "தண்ணி சூப்பர்"னு யாருக்கும் சர்டிபிகேட் குடுக்காதீங்க.

இதோட இன்னொன்னையும் சொல்லிடறேன். ஆர்ஓ விக்க வர்றவங்க ஒரு டப்பாவுல ரெண்டு கம்பியத் தண்ணிக்குள்ள விட்டு கரண்ட் குடுப்பாங்க. நம்ம தண்ணி பழுப்பாக் குழம்பிடும், அவங்க ஆர்ஓ தண்ணி தெளிவா நிக்கும். பாத்தவங்க பதறிடுவாங்க. அந்தப் பழுப்பு தண்ணியில இருந்த அழுக்கு இல்லீங்க, கம்பியில இருந்து கரைஞ்ச இரும்புத் துரு. உப்பு கொஞ்சம் இருக்கிற எந்தத் தண்ணியிலயும் வரும். இந்த டெமோ வீடியோவை நம்ம பேஜ்ல யாரும் போடாதீங்க, தயவு செஞ்சு.

அரசுத் தரப்புல என்ன இருக்குன்னு பாப்போம். 2019 ஆகஸ்ட் 15-ல அறிவிச்ச ஜல் ஜீவன் திட்டத்துல ஒவ்வொரு ஊர்லயும் அஞ்சு பெண்களுக்குப் பயிற்சி குடுத்து, கையில ஒரு பரிசோதனைப் பெட்டியும் குடுக்கணும்னு ஏற்பாடு. நல்ல ஏற்பாடுங்க. அந்தப் பெட்டியில கலங்கல், பிஎச், கடினத்தன்மை, குளோரைடு, ஃபுளோரைடு, நைட்ரேட், இரும்பு மாதிரி விஷயங்கள் தெரியும். குரோமியம், ஈயம், நிக்கல், கரைப்பான் எதுவும் தெரியாது. "ஊராட்சியில டெஸ்ட் பண்ணியாச்சு, எல்லாம் நார்மல்"னு பதில் வந்தா, அது பொய்யாத்தான் இருக்கணும்னு இல்ல. நாம கேக்க வேண்டியது "எதெதுக்கு டெஸ்ட் பண்ணீங்க?"ங்கிறதை. தேடாத பொருள் எந்த ரிப்போர்ட்லயும் வராது.

அதனால முதல்ல அக்கம்பக்கத்துல என்ன தொழில் நடக்குதுன்னு பாருங்க. சாயம், சலவைன்னா டிடிஎஸ், குளோரைடு, சல்பேட், சோடியம். தோல் பதனிடுற இடம்னா அதோட குரோமியம். பிளேட்டிங்னா குரோமியம், நிக்கல், துத்தநாகம், காட்மியம், சயனைடு. பழைய பேட்டரி உருக்குற இடம்னா ஈயம். பெருந்துறை சிப்காட் மாதிரி சாயம், தோல், ரசாயனம்னு கலந்து இருக்கிற இடத்துக்குப் பக்கத்து ஊர்க்காரங்க ஒன்னோட நிறுத்திக்காம எல்லா உலோகத்துக்கும் சேத்துக் கேக்கணும். மூடிப்போன ஆலையையும் விட்டுடாதீங்க. ராணிப்பேட்டையில தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை 1990-களின் நடுவுலயே மூடியாச்சு. அது விட்டுட்டுப் போன லட்சக்கணக்கான டன் குரோமியக் கழிவு பல வருஷம் அங்கயே குவிஞ்சு கிடந்து நிலத்தடி நீர்ல எறங்கினதை ஊரே பாத்துச்சு. கதவுக்குப் பூட்டுப் போட்டா ஆலை நிக்கும், மண்ணுக்குள்ள போனது நிக்காது.

நைட்ரேட், ஃபுளோரைடு ரெண்டும் கூடுதலா வந்தா உடனே ஆலை மேல பாயாதீங்க. நைட்ரேட் பெரும்பாலும் உரம், கோழிப்பண்ணை, செப்டிக் டேங்க்குல இருந்து வரும். ஃபுளோரைடு நம்ம பாறையிலயே இருக்கு. குடிக்கிறவங்களுக்கு ரெண்டுமே கெடுதல்தான், நைட்ரேட் 45-க்கு மேல போனா கைக்குழந்தைக்கு ஆபத்து. ஆனா குத்தவாளி வேற, தீர்வும் வேற.

இப்ப மாதிரி எடுக்கிறது. இங்கதான் பாதிப் பேர் சொதப்புறாங்க. குளிர்பானப் பாட்டிலைக் கழுவிட்டு ஒரு பிடி பிடிச்சுக் கொண்டு போனா, லேப்காரங்க வாங்கிக்குவாங்க, ரிப்போர்ட்டும் வரும், ஆனா எதிராளி அதை ஒரே கேள்வியில கிழிச்சுப் போட்டுடுவான்.

முன்னாடியே லேபுக்குப் போன் பண்ணி, இன்னின்ன பார்க்கணும்னு சொல்லுங்க. எந்தப் பாட்டில், எவ்வளவு தண்ணின்னு அவங்களே சொல்வாங்க, பல இடத்துல பாட்டிலும் குடுப்பாங்க. உலோகம் பார்க்கப் பிளாஸ்டிக் பாட்டில், அதுல கொஞ்சம் நைட்ரிக் அமிலம் விட்டிருக்கும். இல்லைன்னா உலோகம் பாட்டில் சுவத்துலயே ஒட்டிக்கிட்டு ரிப்போர்ட்ல கம்மியாக் காட்டும். கரைப்பான், பூச்சிமருந்துக்கு கறுப்புக் கண்ணாடிப் பாட்டில். கிருமி பார்க்கணும்னா சுத்திகரிச்ச பாட்டில் தனியா, ஐஸ் பெட்டியில வச்சு அன்னைக்கே சேத்துடணும். சாதாரணப் பாட்டிலை அதே தண்ணியில மூணு தடவை அலசிட்டுப் பிடிங்க. மருந்து விட்ட பாட்டிலை அலசிடாதீங்க, உள்ள இருக்கிறது கொட்டிப்போயிடும்.

போர்ல இருந்து எடுக்கிறப்ப மோட்டாரைப் போட்டு அஞ்சு பத்து நிமிஷம் ஓடவிட்டு அப்புறம் பிடிக்கணும். குழாய்க்குள்ள நின்னுபோன தண்ணி நமக்கு வேண்டாம், நிலத்துக்குள்ள இருக்கிற தண்ணிதான் வேணும். ஆனா ஈயம் வீட்டுக் குழாயில இருந்து வருதான்னு பாக்கிறதுன்னா இது தலைகீழ். அமெரிக்காவுல ஃபிளின்ட்டுங்கிற ஊர்ல 2014-ல குடிநீர் ஆதாரத்தை மாத்தினாங்க. பழைய ஈயக் குழாய் அரிச்சு, தண்ணியில ஈயம் கலந்துச்சு. அதிகாரிகள் மாதிரி எடுக்கிறதுக்கு முன்னாடி குழாயைத் திறந்து ஓடவிடச் சொல்லிட்டாங்க. அதனால ரிப்போர்ட்ல ஈயம் கம்மியாத்தான் காட்டுச்சு. 2015-ல வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்துக்காரங்க ஊர் மக்கள் கையிலயே பாட்டிலைக் குடுத்து, காத்தால முதல் தண்ணியப் பிடிக்கச் சொல்லி எடுத்தாங்க. உண்மை வெளிய வந்துச்சு. ஊர் ஒன்னுதான், பிடிச்ச விதம்தான் வேற.

ஒரே ஒரு பாட்டிலோட நின்னுடாதீங்க. ஆலைக்கு மேல்பக்கம் ஒரு கிணறு, பக்கத்துல ஒன்னு, தண்ணி ஓடுற கீழ்ப்பக்கம் ஒன்னு. மேல்பக்கம் 0.01, கீழ்ப்பக்கம் 0.4-ன்னு வந்தா அந்த வித்தியாசமே பேசும். மூணும் ஒரே மாதிரி இருந்தா, குத்தம் வேற எங்கயோ இருக்குதுன்னு அர்த்தம். நம்ம ஊராட்சிகள்ல மேல்நிலைத் தொட்டியில ஆத்துத் தண்ணியையும் போர்த் தண்ணியையும் கலந்து விடுறது சகஜம். வாரத்துக்கு ஒரு தடவை நல்ல தண்ணி வர்ற ஊர்ல வேற என்ன செய்வாங்க? அதனால தொட்டித் தண்ணியத் தனியா, போர்த் தண்ணியத் தனியாப் பிடிங்க. கோடையில ஒரு தடவை, மழைக்கப்புறம் ஒரு தடவை. பாட்டில் மேல தேதி, நேரம், ஊர், போர் ஆழம், எடுத்தவர், கூட இருந்த ரெண்டு பேர் கையெழுத்து. உங்க போன் கேமராவுக்கு இங்கதான் உண்மையான வேலை. பாட்டில் நிறையறதுல இருந்து சீல் வைக்கிற வரைக்கும், இடம் தேதியோட, கட் பண்ணாம ஒரே வீடியோவா எடுத்து வைங்க. பாட்டு எதுவும் போட வேண்டாம்.

எங்க குடுக்கிறது? தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட அளவுல ஆய்வகம் இருக்கு, பொதுமக்களும் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம். தனியார்னா என்ஏபிஎல் அங்கீகாரம் இருக்கான்னு பாருங்க. லேபுக்கு அங்கீகாரம் இருந்தா மட்டும் பத்தாது, நாம கேக்குற அந்தக் குறிப்பிட்ட பரிசோதனைக்கு அங்கீகாரம் இருக்கணும். உலோகப் பரிசோதனைக்குக் காசு கொஞ்சம் கூட ஆகும். ஒரு பிளெக்ஸ் பேனரைக் கம்மி பண்ணிக்கலாம், தலைவர் பிறந்தநாளுக்கு ஒரு வீதி கம்மியாப் பளபளக்கட்டும், யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

ஒரு விஷயம் கண்டிப்பாச் சொல்லணும். ஆலைக்குள்ள, ஆலைக் குழாய்க்கிட்ட போய் யாரும் மாதிரி எடுக்காதீங்க. சுவரேறிக் குதிச்சா கேஸ் நம்ம மேல வரும். 1974-ம் வருஷ நீர் மாசுத் தடுப்புச் சட்டத்துல 21-வது பிரிவுன்னு ஒன்னு இருக்கு. ஆலைக் கழிவோட மாதிரி கோர்ட்டுல செல்லணும்னா, மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்காரங்க, ஆலைத் தரப்புக்கு நோட்டீஸ் குடுத்து, முறைப்படி ரெண்டு பங்கா பிரிச்சு, சீல் வச்சு எடுக்கணும். நம்ம பாட்டில் அந்த இடத்துக்கு ஈடாகாது. நம்ம கிணத்து ரிப்போர்ட்டோட வேலை, அவங்களை அங்க வரவச்சு முறையா எடுக்க வைக்கிறது. அது போதும், அதுவே பெரிய வேலை.

ரிப்போர்ட் வந்தாச்சு, எல்லையைத் தாண்டியிருக்கு. முதல் வேலை பேஜ்ல போடுறது இல்லீங்க. அந்தத் தண்ணியக் குடிக்கிற வீடுகளுக்குப் போய்ச் சொல்றது. ஊராட்சிக்கு எழுதிக் குடுத்து அந்த ஆதாரத்தை நிறுத்தி மாத்துத் தண்ணி கேக்குறது. அப்புறம் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு மனு, திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்ல மனு, ரெண்டுக்கும் ரசீது. பத்து ரூபா ஆர்டிஐ-யில, மூணு வருஷமா எங்க ஊர்த் தண்ணிய எதெதுக்குப் பரிசோதிச்சீங்க, ரிப்போர்ட் நகல் குடுங்கன்னு கேளுங்க. முப்பது நாள்ல பதில் வரணும். கிராம சபை இப்ப வருஷத்துக்கு ஆறு தடவை, அதுல ஒன்னு மார்ச் 22, உலக தண்ணீர் தினம். அன்னைக்கு ரிப்போர்ட்டைச் சபையில வாசிச்சு, தீர்மானப் புத்தகத்துல எண்ணோட ஏத்துங்க. அப்பவும் நடக்கலைன்னா சென்னையில தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தோட தென்மண்டல அமர்வு இருக்கு. அங்க ஆறு மாசக் கெடு உண்டு, அதனால தேதி முக்கியம். ரிப்போர்ட்டைப் பீரோவுல வச்சுட்டுத் தேர்தல் நேரத்துல எடுக்கலாம்னு யாராவது நினைச்சா, கேஸும் போச்சு, மானமும் போச்சு.

அதுக்கப்புறம் பேஜ். போடும்போது ரிப்போர்ட்டை முழுசாப் போடுங்க. ஒரு வரியை மட்டும் கட் பண்ணிச் செவப்பு வட்டம் போட வேண்டாம். எந்த ஆலைன்னு வாரியம் மாதிரி எடுத்து உறுதிப்படுத்துற வரைக்கும் பேர் போடாதீங்க. நல்லதா வந்த ரிப்போர்ட்டையும் போடுங்க. "இந்த ஊர்த் தண்ணி பாத்தோம், சரியா இருக்கு"ன்னு நாலு போஸ்ட் போட்டாத்தான் அஞ்சாவது போஸ்ட்டை ஜனங்க நம்புவாங்க.

கடைசியா ஒரு சங்கடமான விஷயம். நிர்வாகிகள் முன்னாடியே சொல்றேன், தப்பா எடுத்துக்க மாட்டாங்க. ஆலை நம்ம கட்சிக்காரருதா இருக்கலாம். நம்ம மாநாட்டுக்கு நன்கொடை குடுத்தவரா இருக்கலாம். ஊராட்சியோ நகராட்சியோ நம்ம கையில இருக்கலாம். அப்பவும் ரிப்போர்ட் வரணும். எதிர்க்கட்சிக்காரர் ஆலைக்குப் பக்கத்துல மட்டும் பாட்டிலோட சுத்தினோம்னா மூணாவது பாட்டில்லயே ஊருக்குத் தெரிஞ்சுடும்.

இதுக்கு இப்ப ஒரு அவசரமும் இருக்கு. அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17-ல தொடங்கியாச்சு. எங்க தாத்தா காலத்துல இருந்து கேட்ட திட்டம். பவானியோட உபரித் தண்ணி ஒன்றரை டிஎம்சியை, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்கள்ல 1,045 குளம் குட்டைகளுக்கு ஏத்துறாங்க. குளம் ரொம்பினா நிலத்தடி நீர் ஏறும், வறண்ட போர்ல மறுபடி தண்ணி வரும், ஜனங்க அதைக் குடிக்க ஆரம்பிப்பாங்க. பல வருஷமாக் காஞ்சு கிடந்த மண்ணுல என்ன படிஞ்சிருக்கோ, அந்தக் குளத்துக்கு வர்ற ஓடையில இப்ப என்ன கலக்குதோ, அதுவும் சேந்து எறங்கும். இன்னைக்கு என்ன நிலைமைன்னு ஒரு எண் எடுத்து வச்சாத்தான், அஞ்சு வருஷம் கழிச்சு ஏறுச்சா எறங்குச்சான்னு சொல்ல முடியும். ஒன்றியத்துக்கு அஞ்சு குளம், ஒவ்வொரு குளத்துக்கும் பக்கத்துல ரெண்டு கிணறு. இதுதான் நான் கேக்கிற வேலை. எக்செல் ஷீட் லிங்க்கை இன்னைக்கு ராத்திரி குரூப்ல போடறேன். ஊர், கிணறு, ஆழம், அக்கம்பக்கத் தொழில், இந்த நாலு பத்தியை மட்டும் இந்த மாசக் கடைசிக்குள்ள நிரப்பி அனுப்புங்க. எதைப் பரிசோதிக்கணும்னு உக்காந்து பேசி முடிவு பண்ணிக்கலாம்.

(பேச்சு முடிந்ததும் பல்லடம் பக்கத்திலிருந்து வந்த ஒரு அக்கா கேட்ட கேள்வியும் பதிலும்.)

"தம்பி, ரிப்போர்ட் வர்ற வரைக்கும் தண்ணியக் கொதிக்க வச்சுக் குடிக்கலாமா?"

கொதிக்க வச்சா கிருமி சாகுங்க்கா. உலோகமும் உப்பும் போகாது. தண்ணி ஆவியாப் போறதால மிச்சம் இருக்கிறதுல அது கொஞ்சம் கூடத்தான் செய்யும். ஆர்ஓ போட்டா பெரும்பாலான உலோகம் குறையும், ஆனா அது வெளிய தள்ளுற தண்ணியில அத்தனையும் சேந்து வரும், அதைத் தோட்டத்துக் கீரைக்கு விடாதீங்க. சந்தேகம் இருக்கிற போரைக் குளிக்க, துவைக்க மட்டும் வச்சுக்கிட்டு, ரிப்போர்ட் வர்ற வரைக்கும் குடிக்கவும் சமைக்கவும் ஆத்துத் தண்ணியத் தனிக் குடத்துல பிடிச்சு வைங்க. ஆத்துத் தண்ணி உங்க வீதிக்கு எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருதுன்னு அந்த ஷீட்டுல எழுதுங்க, அதுக்கும் ஒரு பத்தி சேத்துடறேன்.